அரசி மூச்சு விடக் கூடாது

"வெனியமின், அரசி மூச்சு விடாத டேக் ஒண்ணு எனக்கு வேணும்" என்றார் இக்னாத் சவ்விச்.

காலை எட்டு மணி. அவர் எடிட்டிங் அறைக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்றார். தொப்பியில் பனி ஒட்டியிருந்தது. படத்தின் இயக்குநர் அவர். நான் உதவி எடிட்டர்.

"எத்தனை டேக் இருக்கு?"

"அஞ்சு."

"அஞ்சுல ஒண்ணுலயாவது பொணம் பொணமா இருக்கும்ல?"

"பாக்கறேன்."

"பாரு. வெள்ளிக்கிழமை மாஸ்கோ ஆளுக்குப் போட்டுக் காட்டணும். ஜார் உள்ள வர்றதுலேர்ந்து வெளிய போற வரைக்கும் ஒரே ஷாட். வெட்டு கிடையாது. முப்பத்தெட்டு வினாடி. அவ உயிரோட இருந்த வரைக்கும் அவன் பாதி அரசன்தான். அந்தச் சவப்பெட்டிகிட்ட நின்னு நிமிர்றான் பாரு, அங்கதான் முழு அரசன் ஆகறான். அந்த நேரத்துல அவ நெஞ்சு ஏறி இறங்கினா எல்லாம் கூத்தாயிடும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் மேசைக்கு எதிர்மேசையில் ரயீசா லிவோவ்னா உட்கார்ந்திருந்தாள். தலைமை எடிட்டர். ஐம்பது வயது. கையில் எப்போதும் வெள்ளைப் பருத்திக் கையுறை. அவள் எழுந்து வந்து என் முன்னால் இருந்த டப்பாக்கள்மேல் கையை வைத்தாள்.

"குடு வெனியா. நான் பாக்கறேன்."

"வேண்டாம்."

"அந்த மனுஷனுக்குத் தெரியாது. தெரிஞ்சா உன்கிட்ட கேட்டிருக்க மாட்டான்."

"பரவாயில்ல."

"கல்லா நீ?"

கல்லாகத்தான் இருந்தேன். அந்தப் பெட்டியில் படுத்திருந்தது என் மனைவி கிளாஷா. அவள் இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

அரசியாக நடித்த நடிகை பெட்டியில் படுக்க மறுத்துவிட்டாள். "என் புருஷன் போர்முனையில இருக்கான். நான் சவப்பெட்டில படுத்தா மறுநாளே அவன் செத்துட்டான்னு கடிதாசி வரும். என்னை வேலையை விட்டுத் தூக்குங்க, படுக்க மாட்டேன்" என்றாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. அந்தக் குளிர்காலத்தில் எல்லோருக்கும் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. இக்னாத் சவ்விச் கத்தினார். ஒரு நெற்றியும் மூக்கும் இருக்கிற யாராவது வந்து படுங்கள், முகத்தின்மேல் சல்லாத்துணிதானே போடப் போகிறோம் என்றார். கிளாஷா உடைப் பிரிவில் தையல்காரி. அரசியின் அங்கியைத் தன் உடம்பில் போட்டுப் பார்த்துத்தான் தைத்திருந்தாள். அது அவளுக்குக் கச்சிதமாக இருந்தது.

"என் புருஷன் போருக்கெல்லாம் போகல. மூக்குக் கண்ணாடியைக் கழட்டினா அவருக்குக் கரடிக்கும் கர்னலுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் படுக்கறேன்" என்றாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். நான் அப்போது அங்கே இல்லை.

ஜனவரி மாதம். படப்பிடிப்புக் கொட்டகையில் அடுப்பு கிடையாது. நான்கு மணி நேரம் பட்டு அங்கியோடு படுத்திருந்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல். பதினோராம் நாள் இறந்தாள். காரணம் இதுதான் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கசாக் நாட்டு ஆல்மா-ஆத்தாவுக்கு நாங்கள் வந்து அப்போது ஒன்றரை வருடம். போரில் எங்கள் ஊர் முற்றுகையில் சிக்குவதற்கு முன்னால் ஸ்டூடியோவை மூட்டைகட்டி ரயிலில் ஏற்றி இங்கே இறக்கினார்கள். ஒட்டுப்பலகையில் கிரெம்ளின் கட்டினோம். பகலில் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் தாடிவைத்த பிரபுக்கள் தகரக் கரண்டியோடு வரிசையில் நிற்பார்கள். மரகதமும் மாணிக்கமும் பதித்த தொப்பியோடு ஜார் வருவார். "வரிசையில வாங்க பெருமானே, இங்க ஜார் ஆட்சி முடிஞ்சு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு" என்று கஞ்சி ஊற்றுகிறவள் சொல்வாள். ஜார் வரிசையின் கடைசிக்குப் போவார். அவருக்குப் பின்னால் மலை தெரியும். சில நாள் தெரியாது. மலை தெரியாத நாட்களில் மலை இருந்ததாகவே நம்ப முடியாது.

கிளாஷா போனபிறகு எனக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. ரொட்டி, வரிசை, பாப்லார் மரங்கள், தெருவோர வாய்க்காலில் பனிக்கு அடியில் ஓடும் தண்ணீர். இருந்தன. பார்த்தேன். அவ்வளவுதான்.

முதல் டப்பாவைத் திறந்தேன்.

பிலிம் தட்டுப்பாடு. எடுத்ததையெல்லாம் பிரிண்ட் போட முடியாது. நெகட்டிவையே பார்த்துத் தேர்ந்தெடுப்போம். பகலில் மின்சாரம் தொழிற்சாலைகளுக்குப் போய்விடும். அதனால் ஜன்னல் ஓரத்தில் ஒரு கைச்சக்கரக் கருவி. கீழே கண்ணாடி, மேலே பூதக்கண்ணாடி. வெளிச்சம் பனியிலிருந்து வரும். சக்கரத்தைச் சுற்றினால் படம் ஓடும்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். மெழுகுவத்திச் சுடர்கள் கறுப்பாக எரிந்தன. ஜாரின் கறுத்த அங்கி பால்போல வெளுத்திருந்தது. தேவாலயத்தின் இருட்டு முழுக்க வெளிச்சம். அதன் நடுவில் பெட்டி. பெட்டிக்குள் கரிமுகத்தோடு ஒரு பெண். அவள் இமைமுடிகள் மட்டும் வெள்ளை நூலாக இருந்தன.

முதல் டேக்கில் ஏழு மூச்சு.

எண்ணுவது சுலபமாக இருந்தது. அவள் தூங்கும்போதும் அப்படித்தான் மூச்சு விடுவாள். உள்ளே இழுப்பாள். கொஞ்சம் நிற்பாள், விடலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல. பிறகு விடுவாள். சல்லாத்துணி நெஞ்சின்மேல் உயர்ந்து, நின்று, தாழ்ந்தது.

நான் மெதுவாகச் சுற்றினால் மெதுவாக மூச்சு விட்டாள். நிறுத்தினால் நிறுத்தினாள். பின்பக்கமாகச் சுற்றினால் விட்ட மூச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் அப்படிச் சுற்றினேன் என்று தெரியாது. ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளானது. ரயீசா என் பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துவிட்டுப் போனாள். அது ஆறிப்போயிருந்தது.

இரண்டாவது டேக்கில் நான்கு மூச்சு. மூன்றாவதில் ஒன்று. ஜார் பெட்டியின்மேல் குனியும் இடத்தில் ஒரே ஒரு முறை. நான்காவதில் ஒன்றும் இல்லாமல் நன்றாகப் போய், கடைசியில் இருமிவிட்டாள். ஜாருக்கே சிரிப்பு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெகட்டிவில் அவர் பற்கள் கறுப்பாகத் தெரிந்தன.

மறுநாள் காலை ஸகார் வந்தான். கேமராமேன். ஆறடிக்கு மேல். உள்ளே நுழையும்போது தலையைக் குனிந்து நுழைவான். கையில் அரை ஆப்பிள் வைத்திருந்தான்.

"சாப்பிடு. மிச்சத்தை ரயீசா லிவோவ்னாவுக்குக் குடுத்துட்டேன். இல்லாட்டி உள்ளயே விட மாட்டேன்னாங்க."

"என்ன வேணும் ஸகார்?"

"ஒண்ணுமில்ல. அஞ்சாவது டேக் பாத்தியா?"

"இன்னும் இல்ல."

அவன் ஜன்னலைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தான். பெஞ்சு முனகியது.

"நீ படிச்சவன். யூனிவர்சிடியில வரலாறெல்லாம் படிச்சவன். சிரிப்பே. சிரிச்சுக்கோ. ஆனா நான் இருபது வருஷமா கேமரா சுத்தறேன். பொணமா நடிச்சவங்க எழுந்து கேமராவுக்கு நாக்கை நீட்டணும். கேமரா ஓடிட்டிருக்கும்போதே நீட்டணும். அப்பதான் செத்தது பொய்யாகும். எல்லாருக்கும் நான் ரெண்டு மீட்டர் பிலிம் கூடுதலா ஓட விடுவேன். எத்தனை எதிரிப் படைவீரங்க என்கிட்ட நாக்கு நீட்டியிருக்காங்க தெரியுமா?"

"கிளாஷா?"

"அஞ்சாவது முடிஞ்சதும் இக்னாத் சவ்விச் கட்னு கத்தினாரு. பிலிமைக் காப்பாத்து, பிலிமைக் காப்பாத்துன்னு ஏற்கெனவே திட்டிட்டிருந்தாரு. நான் டக்னு நிறுத்திட்டேன். அவ எழுந்து உக்காந்தப்போ கேமரா நின்னுடுச்சா ஓடிட்டிருந்துச்சான்னு எனக்கு நிச்சயமாத் தெரியல. நீ பாத்துச் சொல்லு. நாக்கு இருக்கா, இல்லையா?"

"மூச்சுக்குழல்ல சளி கட்டிச் செத்தா, ஸகார்."

"தெரியும் தெரியும். டாக்டர் சொன்னாரு. நீ பாத்துச் சொல்லு."

அவன் எழுந்து ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் ஐந்தாவது டப்பாவைத் திறந்து முடிவிலிருந்து சுற்றினேன். ஜார் வாசலில் மறைகிறார். பெட்டி. சுடர்கள். பிறகு வெறும் பிலிம். அவள் எழவே இல்லை.

"இருக்கு" என்றேன்.

"நிஜமாவா?"

"நீட்டியிருக்கா. ஒரு முழ நீளத்துக்கு."

ஸகார் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் இறங்கின. "ராட்சசி" என்றான். கதவில் தலையை இடித்துக்கொண்டு வெளியே போனான்.

அதன் பிறகு ஐந்தாவதை ஆரம்பத்திலிருந்து போட்டேன்.

ஜார் வருகிறார். நிற்கிறார். பெட்டியைச் சுற்றி நடக்கிறார். குனிகிறார். அவர் முகம் அவள் முகத்திற்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. நிமிர்கிறார். போகிறார். முப்பத்தெட்டு வினாடி. சல்லாத்துணி அசையவில்லை.

திரும்பப் போட்டேன். மெதுவாகச் சுற்றினேன். வேகமாகச் சுற்றினேன். பின்னால் சுற்றினேன். என் கை என்ன செய்தும் அவள் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் காலையில் போர்வையை இப்படித்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இக்னாத் சவ்விச் கேட்டது இதுதான். எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. அவள் படத்தில் இருப்பாள், பிணமாக. மூச்சு விட்ட நான்கும் வெள்ளிக்கிழமை வண்டியில் கழுவும் கொட்டகைக்குப் போகும். அங்கே சுடுநீரில் படத்தைக் கரைத்து, அதிலுள்ள வெள்ளி உலோகத்தைப் பிரித்து, பிலிமை வெறும் நாடாவாக்குவார்கள். நாடா விமானத் தொழிற்சாலைக்குப் போகும். ஒரு சாண் பிலிமை வீட்டுக்கு எடுத்துப்போனவனை மூன்று வருடம் உள்ளே போட்டார்கள்.

அவள் மூச்சு விடும் ஒரு டேக்காவது இருக்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. படத்தில் சேர்ந்துவிட்டால் யாரும் அதைக் கழுவ முடியாது.

"அஞ்சுல கீறல் இருக்கு" என்றேன்.

ரயீசா தலை நிமிர்ந்தாள். "எங்க?"

"நடுவுல."

அவள் வந்தாள். கையுறையைச் சரிசெய்துகொண்டு, பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை தானே சுற்றிப் பார்த்தாள். அவசரப்படவில்லை. பார்த்து முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு பதிவேட்டை இழுத்து, ஐந்துக்கு நேரே 'கீறல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"பெரிய கீறல்தான்" என்றாள்.

மாலையில் இக்னாத் சவ்விச் வந்தார். மூன்றாவது டேக்கைப் பார்த்தார்.

"ஒரு தடவை விடறாளே."

"ஜார் குனியற இடத்துல. அவர் மூச்சு பட்டுத் துணி அசைஞ்ச மாதிரி இருக்கும்."

அவர் யோசித்தார். இன்னொரு முறை சுற்றினார். "சரி. ஜாரோட மூச்சுன்னே சொல்லிக்கலாம். கேட்டா என் யோசனைன்னு சொல்லிடுவேன். நல்லா இருந்தா மட்டும்."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வண்டி கிளம்பியது. நான்கு டப்பாக்களையும் நானே தூக்கி வைத்தேன். ஐந்தாவதைக் கடைசியாக வைத்தேன். பத்து மணிக்குப் படம் போட்டார்கள்.

படத்துக்கு அனுமதி தர மாஸ்கோவிலிருந்து வந்தவர் பெயர் ஜர்க்கோவ். குள்ளமான, மரியாதையான மனிதர். ஜலதோஷம். மடியில் கைக்குட்டையை விரித்து வைத்திருந்தார். பிரபுக்கள் சதி செய்தபோது தலையாட்டினார். ஜார் அவர்கள் நிலத்தைப் பிடுங்கி நாட்டை ஒன்றாக்கியபோது மறுபடி தலையாட்டினார். அரசி விஷம் குடித்தபோது மூக்கைச் சிந்தினார்.

பிறகு தேவாலயம் வந்தது.

நான் பின்வரிசையில் இருந்தேன். முதல் முறையாக அது பிரிண்டில் ஓடியது. சுடர்கள் வெள்ளையாக எரிந்தன. இருட்டு இருட்டாக இருந்தது. அவள் முகமும் வெளுப்பாக இருந்தது; அந்த வெளுப்பை நான் மறந்துபோயிருந்தேன். ஜார் வந்தார். நின்றார். சுற்றினார். குனிந்தார். துணி உயர்ந்தது. நின்றது. தாழ்ந்தது.

நானும் மூச்சு விட்டேன். ஏழு வாரத்தில் முதல் முறை என்று தோன்றியது.

"நிறுத்துங்க" என்றார் ஜர்க்கோவ்.

விளக்கு வந்தது.

"அந்த அம்மா மூச்சு விட்டாங்க."

"அது ஜாரோட மூச்சு, தோழர் ஜர்க்கோவ்" என்றார் இக்னாத் சவ்விச். "குனியறார்ல, அது பட்டுத் துணி அசையுது. ஒரு கணம் அவ பொழைச்சுட்டாளோன்னு அவருக்கே ஒரு சந்தேகம். அதுக்கப்புறம் நிமிரும்போது…"

"இக்னாத் சவ்விச், நானும் குனிஞ்சு பாத்திருக்கேன். என் பக்கத்துல நெறைய பேர் செத்திருக்காங்க. துணி அசையல."

ஜர்க்கோவ் கைக்குட்டையை நான்காக மடித்தார்.

"இவன் ஒத்தை ஆளா நின்னு நாட்டைக் கட்டப் போறான். அழறதுக்கு ஒரு பொணம் வேணும்னா குடுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா பொணம் சந்தேகமில்லாம செத்திருக்கணும். அரசன் இல்லாததை இருக்குன்னு நினைக்கிற ஆள் இல்ல. வேற டேக் இருந்தா சாயங்காலத்துக்குள்ள காட்டுங்க. ஆறு மணிக்கு எனக்கு ரயில். இல்லேன்னா காட்சியே வேண்டாம். நேரா சதுக்கக் காட்சிக்குப் போயிடலாம், ஜனங்க கையில விளக்கோட நிக்கறாங்களே, அது நல்லா இருக்கு."

தேநீர் குடிக்கப் போனார். நாங்கள் நடைவழியில் நின்றோம். ரயீசா உள்ளே போய் மூன்றாவது டேக்கின் நெகட்டிவை எடுத்துக்கொண்டு வந்தாள். சின்னத் தகர டப்பா. சுற்றிலும் பார்த்துவிட்டு என் மேலங்கிப் பைக்குள் போட்டாள்.

"வண்டி போயாச்சு" என்றாள் மெதுவாக. "அடுத்த வெள்ளி வரைக்கும் இது எங்க இருக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்கப்புறம் நான் மறந்துடுவேன். எனக்கு வயசாச்சு. புரியுதா கண்ணு?"

புரிந்தது. பைக்குள் கையை விட்டேன். தகரம் சில்லென்றிருந்தது. அவ்வளவுதான், கிடைத்துவிட்டது. இனி நான் எங்காவது ஒரு ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கண்ணுக்கு நேரே பிடித்து, கையால் இழுத்து இழுத்து அவளை மூச்சுவிட வைக்கலாம்.

இக்னாத் சவ்விச் சுவரில் சாய்ந்து சிகரெட் பற்றவைத்தார். பக்கத்தில் ஜார், கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சாமான் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"போச்சு" என்றார் இக்னாத் சவ்விச். "என் படத்தோட இடுப்பையே ஒடிச்சாச்சு. இது இல்லாட்டி அவன் எதுக்காக அப்படி ஆனான்னு யாருக்குப் புரியும்? யாரு அந்தப் பொண்ணு? தையல்காரியோ, யாரோ. முப்பத்தெட்டு வினாடி மூச்சடக்கத் துப்பில்ல. கோழிக்குஞ்சு மாதிரி துடிச்சிட்டிருக்கா. மரக்கட்டையைப் போட்டிருக்கலாம். அஞ்சு டேக்! அஞ்சுலயும் கெடுத்தா!"

படப்பிடிப்பு நடந்த அன்று சாயங்காலம் கிளாஷா வீட்டுக்கு வந்தது நினைவுக்கு வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. பூட்ஸைக் கழற்ற விரல் மடங்கவில்லை. நான் கழற்றினேன். "நாலு தடவை திட்டு வாங்கினேன் வெனியா. அஞ்சாவதுல நல்லாச் செத்தேன். மூச்சை மொதல்லயே முழுசா வெளிய விட்டுட்டேன், உள்ள இழுத்து அடக்கினா நெஞ்சு உப்புது, அதான் தப்பு. வெளிய விட்டுட்டுப் படுத்தா ஒண்ணும் அசையாது. நானே கண்டுபிடிச்சேன்" என்றாள். ஒரு புதுத் தையலைக் கற்றுக்கொண்டு வந்தவள்போலச் சொன்னாள். நான் சரி, சூப்பைக் குடி என்றேன்.

"கெடுக்கல" என்றேன்.

இக்னாத் சவ்விச் என்னைப் பார்த்தார்.

"அஞ்சாவதுல அவ மூச்சு விடல. முழு ஷாட்லயும்."

"அதுல கீறல்னு சொன்ன."

"தூசி. தொடைச்சா போயிடும்."

ரயீசா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பதிவேட்டுல கீறல்னு இருக்கு. ரயீசா லிவோவ்னா கையெழுத்து இருக்கு."

"நான் சொன்னதை நம்பி எழுதினாங்க. அவங்க பாக்கல. தப்பு என்னோடது."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். ஜார் எழுந்து அவர் காதில் என்னவோ சொன்னார். ஒரே வாக்கியம்தான். இக்னாத் சவ்விச்சின் கையிலிருந்து சிகரெட் விழுந்தது.

"உன்…" என்றார். பிறகு வேறு குரலில் கேட்டார். "எங்க இருக்கு அது?"

"வண்டியில."

"ஓடு."

ஓடினேன். கழுவும் கொட்டகை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மூன்று கிலோமீட்டர். மார்ச் மாதம். பனி இளகிக் கொழகொழத்திருந்தது. கண்ணாடியில் மூச்சு படிந்து உலகம் வெள்ளையானது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். அப்போது இன்னும் மோசம். மரங்கள் ஆட்களாக நின்றன. ஆட்கள் மரங்களாக நகர்ந்தார்கள். எதிரே வந்த ஒட்டகம் ஒரு வீடுபோல வந்து, பக்கத்தில் மூச்சு விட்டு, ஒட்டகமாகக் கடந்து போனது. என் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. பைக்குள் தகர டப்பா இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது.

கொட்டகை முழுக்க நீராவி. உத்தரத்திலிருந்து கழுவிய நாடாக்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை விலக்கினால் இன்னொன்று. கண்ணாடிபோலச் சுத்தமாக இருந்தன. ஒரு நாடாவின் ஓரத்தில் எங்கள் டப்பா எண். முதல் டேக். ஏழு மூச்சு. எதுவும் இல்லை.

"யாரது?"

நீராவிக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். கசாக் பெண், நாற்பது வயதிருக்கும். பீபிகுல். கை முழங்கைவரை வெந்து சிவந்திருந்தது. ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். அவளுக்கு யாரையும் தெரியாது.

"ஸ்டூடியோலேர்ந்து வர்றேன் அக்கா. காலையில வந்த நாலு ரீல்ல ஒண்ணு தப்பா வந்துடுச்சு."

"சீட்டு?"

"இல்ல. திங்கக்கிழமை அனுப்புவாங்க."

"அப்ப திங்கக்கிழமை வா."

"இன்னைக்கு வேணும். அஞ்சாம் நம்பர். கழுவிட்டீங்களா?"

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பலகைமேல் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றின்மேல் என் கையெழுத்தில் ஐந்து.

"தம்பி, எடை போட்டு வாங்கியாச்சு. எடை குறைஞ்சா வெள்ளியைத் திருடினான்னு என்னைப் பிடிச்சுட்டுப் போவாங்க. எனக்குப் பின்னால நாலு வயிறு இருக்கு. போன மாசம் இங்க இருந்தவ எங்க இருக்கான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. அதான் சொல்றேன்."

"அதே எடைக்கு வேற குடுத்தா?"

"எடை சரியா இருந்தா எனக்கென்ன. நீ உன் பாட்டியைப் போட்டாலும் சரி, ஜாரைப் போட்டாலும் சரி."

பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். மூடியைத் திறக்கச் சிறிது நேரம் ஆயிற்று. விரல் விறைத்திருந்தது என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஒரு தட்டில் ஐந்தையும் மறு தட்டில் மூன்றையும் வைத்தாள். ஐந்து இறங்கியது.

"கொஞ்சம் கம்மி."

மேலங்கிப் பையைத் துழாவினேன். வேலை நேரத்தில் எடிட்டர் பையில் வெட்டுத் துண்டுகள் கிடக்கும். ஒரு குதிரைக்கால், பாதித் தூண், ஒரு பிரபுவின் தாடி. ஒவ்வொன்றாக மூன்றின்மேல் போட்டேன். தட்டுகள் ஆடி நின்றன.

"சரி. எடுத்துக்கோ."

ஐந்தை எடுத்துக்கொண்டேன். போயிருக்கலாம். போகவில்லை.

பீபிகுல் மூன்றாவது டேக்கின் முனையைப் பிரித்தாள். பழக்கத்தில் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

"கறுப்பா இருக்கா. நல்ல மூக்கு. செத்தவளா?"

"அதுல இல்ல. இன்னும் கொஞ்சம் இழுங்க. இங்க. இந்த இடத்துல பாருங்க. மூச்சு விடறா."

அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். ஒரு மீட்டர் நீளத்துக்கு அதே பெட்டி, அதே முகம், அதே துணி, வரிசையாக ஒன்றின்கீழ் ஒன்று.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே தம்பி. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு."

"ஓட்டினாத்தான் தெரியும்."

அவள் நாடாவைத் தாழ்த்தவில்லை. என்னைப் பார்த்தாள்.

"போடட்டுமா?"

"போடுங்க."

முனையைத் தொட்டிக்குள் இறக்கினாள். சுருள் ஒவ்வொரு வளையமாகத் தண்ணீருக்குள் போனது. மேலே சாம்பல் நிறமாக ஒரு மேகம் கிளம்பிப் பரவியது.

"அப்ப அந்த ரீல்ல?" என்றாள், என் கையைக் காட்டி. "அதுலயும் இவதானா?"

"இவதான்."

"அதுலயும் மூச்சு விடறாளா?"

"இல்ல" என்றேன். "அதுல அவ வேலை பாக்கறா."

டப்பாவைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. பிரிண்ட் போட ஒரு மணி நேரமாவது வேண்டும். ஓடத் தொடங்கினேன்.